கேட்டு வாங்கும் பெயர்

குமாரபாளையத்தில் நெய்யும் லுங்கியும் துண்டும் ஊரைத் தாண்டும்போது பெரும்பாலும் வேறொருவர் லேபிளோடுதான் போகின்றன. ஜவுளிக்காரர் பாவும் ஊடை நூலும் கொடுப்பார், பட்டறைக்காரர் கூலிக்கு நெய்து கொடுப்பார். மடிப்பதும் ஸ்டிக்கர் ஒட்டுவதும் ஈரோட்டிலோ வேறெங்கோ நடக்கும். சாயம் கெட்டியாக நிற்கிறதா, ஓரம் சுருளாமல் இருக்கிறதா, துவைத்த பிறகும் அகலம் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து நெய்தவருக்குக் கூலி கிடைக்கும். "நல்ல சரக்கு" என்ற பெயர் லேபிள் ஒட்டியவருக்குப் போய்ச் சேரும்.

இப்போது அந்த வீட்டுப் பிள்ளைகள் படித்துவிட்டு வந்து, நாமே மடித்து நம் பெயரில் விற்றால் என்ன என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஈரோடு கனி மார்க்கெட்டில் திங்கள் இரவு தொடங்கும் ஜவுளிச் சந்தைக்குக் கொண்டுபோகலாம், மீஷோவிலும் அமேசானிலும் போடலாம், வாட்ஸ்அப் குழுவில் படம் அனுப்பியே விற்கலாம். சேலம் பக்கம் இளம்பிள்ளையில் சேலை நெய்பவர்கள் பலர் இப்படித்தான் நேரடி விற்பனைக்கு வந்தார்கள். சரக்கு தயார், வழியும் இருக்கிறது. ஒட்ட வேண்டிய லேபிளில் என்ன எழுதுவது என்பதில்தான் பலர் நிற்கிறார்கள். பெயரைச் சாதாரணமாக நினைத்து, அச்சகத்தில் உட்கார்ந்த இடத்தில் ஒன்றைச் சொல்லி ஐயாயிரம் லேபிள் அடித்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகு யோசிப்பவர்களும் உண்டு. அப்படி ஆகக் கூடாது என்பதற்காகவே இந்த விளக்கம்.

ஒரு பெயருக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. வாங்கியவர் அடுத்த தடவை அதைச் சொல்லிக் கேட்க வேண்டும். அதே பெயரை இன்னொருவர் எடுத்துக்கொண்டால் "இது என்னுடையது" என்று நீங்கள் சொல்ல முடிய வேண்டும். இந்த இரண்டையும் பெரும்பாலும் காதுதான் தீர்மானிக்கிறது. லோகோ, எழுத்துரு, தங்க நிற ஓரம் எல்லாம் பிறகு வருபவை.

முதல் வேலையைப் பார்க்கலாம். ஜவுளிக்கடைக்கு வரும் பெரியவர் யாரும் லேபிளை எழுத்துக் கூட்டிப் படித்து லுங்கி எடுப்பதில்லை. "போன தீபாவளிக்கு ஒண்ணு குடுத்தீங்களே, அதே குடுங்க" என்பார். பெயர் நினைவிருந்தால் பெயரைச் சொல்வார். இல்லாவிட்டால் கடைக்காரர் கையில் கிடைப்பதை எடுத்துப் போடுவார், உங்கள் சரக்கு அங்கேயே தோற்றுவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கேட்டு வாங்க வேண்டும் என்பதால்தான் நம் ஊர்களில் "மார்க்" என்ற வழக்கமே வேரூன்றியது. சங்கு மார்க் லுங்கி என்று ஒரு தலைமுறையே கேட்டு வாங்கியது. வெள்ளைக்காரர் காலத்தில் மான்செஸ்டரிலிருந்து வந்த துணிக் கட்டுகளிலும் இதே உத்தி இருந்தது. இந்திய வாடிக்கையாளர்களுக்காக நம் சாமிகளையும் யானையையும் மயிலையும் வண்ணத்தில் அச்சடித்து ஒட்டி அனுப்பினார்கள். பீஸை விரித்துப் பார்க்கும் முன்பே அந்தப் படத்தை வைத்து வாங்கினார்கள். பாடம் ஒன்றுதான். படம் வைப்பதானால் பார்த்தவர் உடனே வாயால் சொல்லக்கூடிய படமாக வையுங்கள். வளைந்து நெளிந்த இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பின்னிப் போட்ட லோகோவை எந்தக் கடையிலும் யாரும் கேட்டு வாங்க முடியாது.

இரண்டாவது வேலைக்கு, தமிழ்நாட்டில் தொழில் செய்யும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வழக்கு இருக்கிறது. மூக்குப்பொடி வழக்கு. சென்னையில் ஒரு நிறுவனம் "ஸ்ரீ அம்பாள்" என்ற பெயரில் மூக்குப்பொடி விற்றது. இன்னொருவர் "ஸ்ரீ ஆண்டாள்" என்ற பெயரைப் பதிவு செய்ய விண்ணப்பித்தார். அம்பாள் என்றால் சிவன் கோயில் அம்மன், ஆண்டாள் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர். தமிழ்நாட்டில் யாரும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள் என்று நாம் சொல்வோம். விண்ணப்பித்தவர் வாதமும் ஏறக்குறைய அதுதான். உச்ச நீதிமன்றம் 1969இல் அதை ஏற்கவில்லை. மூக்குப்பொடி வாங்குபவருக்கு ஏதோ ஒரு பெயரின் ஓசை நினைவிருக்கும், கருணை முகத்தோடு ஒரு அம்மன் படம் மங்கலாக நினைவிருக்கும். வைணவத் தாயார் யார், சைவ அம்மன் யார் என்ற நுட்பமான வேறுபாட்டையெல்லாம் அவர் மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்கு வருவதில்லை என்று நீதிமன்றம் சொன்னது. அம்பாள், ஆண்டாள் இரண்டும் காதில் ஒன்றுபோல் விழுகின்றன, ஆகவே பதிவு கிடையாது.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் பெரியது. இரண்டு பெயர்களையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது பயனில்லாத வேலை. வாடிக்கையாளர் அப்படிப் பார்ப்பதில்லை என்பதால் நீதிபதியும் பார்ப்பதில்லை. ஒரு பெயரை ஆறு மாதத்துக்கு முன் கேட்டவருக்கு, இன்று இன்னொன்றைக் கேட்கும்போது அதுதானா இது என்று தோன்றுமா என்பதே அளவுகோல். ஆங்கிலத்தில் ஒரு எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் எழுதுவதால் தப்பிக்க முடியாது. எண் கணிதம் பார்த்து நடுவில் ஒரு "எச்" சேர்ப்பது வீட்டு நம்பிக்கை, அதில் நான் குறுக்கிடவில்லை. ஆனால் அந்த "எச்" உங்கள் பெயரை ஏற்கெனவே இருக்கும் ஒரு பெயரிலிருந்து வேறாக்கும் என்று நம்பி விடாதீர்கள். காதுக்கு அந்த எழுத்து தெரியாது. அதைச் சேர்த்தால் செல்போனில் உங்கள் பெயரைத் தட்டித் தேடுபவருக்கும் கடை கிடைக்காது. நம் ஊர்ப் பெயரையே ஆங்கிலத்தில் சிலர் "கு"வில் தொடங்குகிறார்கள், சிலர் "கொ"வில் தொடங்குகிறார்கள், முகவரி தேடுபவர் படும் பாடு நமக்குத் தெரியும்.

ஊர்ப் பெயரைச் சேர்த்தால் வேறு பெயர் ஆகிவிடும் என்றும் பலர் நினைக்கிறார்கள். அதுவும் நடக்காது. டீசல் இன்ஜின் விற்ற ரஸ்டன் நிறுவனத்துக்கு எதிரில் ஒருவர் "ரஸ்டம் இந்தியா" என்று விற்றார். பின்னால் இந்தியா என்று ஒட்டினாலும் ஓசை ஒன்றுதான் என்று உச்ச நீதிமன்றம் அதே 1969இல் நிறுத்திவிட்டது. இன்னும் நமக்கு நெருக்கமான வழக்கு, திருநெல்வேலியில் இருக்கும் "இருட்டுக்கடை அல்வா". வெளிச்சம் குறைந்த கடை என்பதால் மக்கள் வாயிலேயே வந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. வேறொருவர் முன்னால் "திருநெல்வேலி" என்று சேர்த்து அதையே பதிவும் செய்து வைத்திருந்தார். என்னிடமும் பதிவு இருக்கிறது என்றார். 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பதிவைவிட, முதலில் பயன்படுத்தி நற்பெயர் சேர்த்தவருடைய உரிமை பெரியது.

இந்தத் தீர்ப்பைச் சிறு தொழில் செய்பவர் இரண்டு பக்கமும் புரட்டிப் படிக்க வேண்டும். உங்களுக்குச் சாதகமான பக்கம்: இன்றே நீங்கள் ஒரு பெயரில் விற்கத் தொடங்கி, பில்லும் லேபிளும் தேதியோடு பத்திரமாக வைத்திருந்தால், நாளைக்குப் பணக்காரர் ஒருவர் வந்து அந்தப் பெயரைப் பதிவு செய்தாலும் உங்களை எளிதில் விரட்ட முடியாது. பாதகமான பக்கம்: நீங்கள் இணையத்தில் தேடிப் பார்த்து, பதிவேட்டில் யாரும் இல்லை என்று மகிழ்ந்து பெயர் வைக்கும் நேரத்தில், பள்ளிபாளையத்திலோ திருச்செங்கோட்டிலோ ஒருவர் பதிவே செய்யாமல் இருபது வருடமாக அதே பெயரில் துண்டு விற்றுக்கொண்டிருக்கலாம். பதிவேட்டில் தேடுவதோடு சந்தையிலும் விசாரியுங்கள். கனி மார்க்கெட்டில் நாலு மொத்தக் கடையில் "இந்தப் பெயரில் சரக்கு வருதுங்களா" என்று கேட்டால் எந்தக் கணினியும் தராத பதில் கிடைக்கும்.

முதலில் மனத்தில் வரும் பெயர்கள் எவை என்று பார்த்தால், சாமி பெயர்தான் முன்னால் நிற்கும். பவானி கூடுதுறை சங்கமேஸ்வரர், திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர், நாமக்கல் ஆஞ்சநேயர், குலதெய்வம், ஊர்க் காளியம்மன். தொழில் தொடங்குபவர் சாமியைக் கும்பிட்டுத் தொடங்குவதில் தவறே இல்லை. சாமி பெயர் பதிவே ஆகாது என்பதும் இல்லை. சிக்கல் என்னவென்றால் அந்தப் பெயர் உங்களுக்கு மட்டும் உரியதாக இருக்க முடியாது. ஒரு தெருவில் ஏற்கெனவே மூன்று பேர் அதே சாமி பெயரில் பலகை மாட்டியிருப்பார்கள், நான்காவது ஆளாக நீங்கள் போய் யாரையும் தடுக்க முடியாது. ஊதுபத்திக்கு "ராமாயண்" என்று பதிவு கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை ஒரு வியாபாரி தனக்கே உரியதாக்கிக்கொள்ள முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதற்கு ஒரு வழி இருக்கிறது. நிறுவனத்தின் பெயர் வேறு, சரக்கின் பெயர் வேறு என்று இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். பலகையிலும் பில் தலைப்பிலும் "ஸ்ரீ காளியம்மன் டெக்ஸ்" என்றே இருக்கட்டும். லேபிளில் வரும் பெயர் தனியாக, உங்களுக்கே உரியதாக இருக்கட்டும். பெரிய நிறுவனங்கள் காலங்காலமாகச் செய்வது இதுதான். சாமியும் மனம் கோணாது, சட்டமும் துணை நிற்கும்.

அடுத்து ஊர்ப் பெயர். குமாரபாளையம் காட்டன், காவேரி டவல்ஸ், சேலம் சில்க் என்றெல்லாம் வைக்கத் தோன்றும். 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 9ஆவது பிரிவு, சரக்கு எங்கே தயாராகிறது, எப்படிப்பட்டது, என்ன தரம் என்பதை மட்டும் சொல்லும் சொற்களை ஒருவருக்கே எழுதிக் கொடுக்க மறுக்கிறது. அந்த ஊரில் நெய்கிற எல்லோருக்கும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ளும் உரிமை உண்டு என்பது காரணம். "சூப்பர் சாஃப்ட்", "பெஸ்ட் காட்டன்", "கலர்ஃபுல்" போன்றவையும் இதே கணக்கில் அடிபடும். ஒரு பெயர் பல வருடம் பயன்பட்டு, அதைக் கேட்டாலே ஒரே நிறுவனம்தான் நினைவுக்கு வரும் என்று நிரூபித்தால் சட்டம் விலக்குத் தருகிறது. அது பத்து மாவட்டத்தில் கடை வைத்து, பண்டிகைக்குப் பண்டிகை விளம்பரம் கொடுப்பவர்களுக்கு ஆகும். நான்கு தறியோடு தொடங்குபவருக்கு அந்த வழி வேண்டாம்.

ஊர்ப் பெயரில் இன்னொரு வேலியும் உண்டு. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பவானியின் ஜமக்காளத்துக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் அந்த வட்டாரத்தில் கைத்தறியில் முறைப்படி நெய்பவர்களுக்கு உரியது. விசைத்தறியில் ஓட்டிய விரிப்புக்கு "பவானி ஜமக்காளம்" என்று லேபிள் ஒட்டினால் அது சட்ட மீறல், அதைவிட முக்கியமாக, பக்கத்து ஊர் நெசவாளியின் சோற்றில் கை வைப்பது. "கைத்தறி" என்ற சொல்லையும் அப்படியே மதிக்க வேண்டும். கைத்தறி முத்திரை 2006இலிருந்தும், இந்தியா ஹேண்ட்லூம் பிராண்ட் 2015 ஆகஸ்ட் 7இலிருந்தும் இருக்கின்றன. விசைத்தறிச் சரக்குக்கு அவற்றை நினைவூட்டும் பெயரும் வைக்காதீர்கள். "காதி" என்ற பெயரை கதர் கிராமத் தொழில் ஆணையம் தன் சின்னமாகக் காத்து வருகிறது, அந்தப் பக்கமே போக வேண்டாம். பாலியஸ்டர் கலந்த துணிக்குப் பெயரிலேயே "காட்டன்" என்று வைப்பதும், ஆர்ட் சில்க் சேலைக்குப் "பட்டு" என்று வைப்பதும் வாங்குபவரை ஏமாற்றும் சின்னம் என்ற கணக்கில் வரும். இன்றைக்குச் சுத்தப் பருத்தி மட்டும் ஓட்டினாலும், நூல் விலை ஏறினால் நாளைக்குக் கலப்பு நூல் ஓட்ட வேண்டி வரலாம். பெயரில் காட்டன் இருந்தால் அன்றைக்கு மாட்டிக்கொள்வீர்கள்.

குழந்தை பெயர், சொந்தப் பெயர் வைக்கலாமா என்றால், வைக்கலாம். ரிலையன்ஸின் "விமல்" துணி, திருபாய் அம்பானியின் அண்ணன் மகன் பெயர்தான். தி.நகரில் 1928இல் தொடங்கிய நல்லியும், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த போத்தீஸும் தொடங்கியவர் பெயரால் வளர்ந்தவை. ஆனால் அதே பெயருள்ள இன்னொருவர் தன் பெயரில் நேர்மையாகத் தொழில் செய்தால் சட்டம் அவரைத் தடுக்காது. செந்தில், முருகேசன், கவின் என்று வைத்தால் அந்தப் பெயர் உள்ளவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். குமாரபாளையத்துக்கு முதலெழுத்துகள் மேல் தனி ஆசை. ஜே.கே.கே., எஸ்.எஸ்.எம். என்று கல்லூரிகள் வரைக்கும் அப்படித்தான். தலைமுறைகளாக நிலைத்த குடும்பங்களுக்கு அது பொருந்தியது. புதிதாக வருபவர் "எஸ்.பி.டி. டவல்ஸ்" என்று சொன்னால் போனில் எதிர்முனைக்கு எஸ் எஃப் ஆகும், பி டி ஆகும், டி வி ஆகும்.

நல்ல பெயர் எப்படி இருக்கும்? திருப்பூர் ராம்ராஜ் காட்டனைப் பாருங்கள். 1983இல் தொடங்கிய கே. ஆர். நாகராஜன், தந்தை ராமசாமி பெயரிலிருந்து "ராம்", தன் பெயரிலிருந்து "ராஜ்" எடுத்துச் சேர்த்தார். அப்பா பெயரும் ஆயிற்று, ஏற்கெனவே வேட்டிக் கடைகளில் இல்லாத ஒரு பெயரும் ஆயிற்று, இரண்டே அசையில் வாயில் நிற்கிறது. 1935இல் தொடங்கிய நெசவாளர் கூட்டுறவு அமைப்பின் முழுப் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை. கூட்டுறவையும் ஜவுளியையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை வெட்டி ஒட்டிய "கோ-ஆப்டெக்ஸ்" என்ற பெயரும் வண்ணத்துப்பூச்சிச் சின்னமும்தான் நிலைத்தன. சங்கு மார்க்கை எடுத்துக்கொண்டால், சங்குக்கும் லுங்கிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. சம்பந்தமில்லாததுதான் அதன் பலம். எல்லோருக்கும் தெரிந்த பொருள், ஆனால் துணியைப் பற்றி எதுவும் சொல்லாத பொருள். சட்டம் இத்தகைய பெயர்களுக்குத்தான் அதிகப் பாதுகாப்புத் தருகிறது.

ஆகவே துணியைப் பற்றிச் சொல்லும் சொற்களைத் தள்ளிவிட்டு, வேறு இடங்களில் தேடுங்கள். பறவை, மரம், வீட்டுச் சாமான், பாட்டி காலத்துப் பெயர்கள், விளையாட்டுகள், இரண்டு பெயர்களின் பாதிகள். பத்துப் பதினைந்து எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் தறிப்பட்டறைக்குள் கொண்டுபோய்ச் சோதியுங்கள். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. பத்துத் தறி ஓடுகிற ஷெட்டுக்குள் நாடா அடிக்கும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் காதில் ஒரு பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள், அவர் என்ன கேட்டார் என்று வெளியே வந்து சொல்லச் சொல்லுங்கள். சந்தை நாளின் இரைச்சலிலும், லாரி ஆபீஸ் போனிலும், பஸ் ஸ்டாண்ட் கடையிலும் உங்கள் பெயர் இதே நிலைமையில்தான் காதில் விழப் போகிறது. இரண்டு மூன்று அசைக்குள் அடங்கி, வல்லினத்தில் அழுத்தமாகத் தொடங்கும் பெயர்கள் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறும். "மென்மலர்", "வெண்ணிலவன்" போன்றவை தாளில் அழகாக இருந்தாலும் ஷெட்டுக்குள் கரைந்துவிடும்.

சரக்கு எங்கே போகப் போகிறது என்பதையும் யோசியுங்கள். ஆந்திராவுக்கும் ஒடிசாவுக்கும் வங்காளத்துக்கும் லுங்கி அனுப்புவதாக இருந்தால் "ழ" வரும் பெயர் நடக்காது. ஆங்கிலத்தில் "இசட் எச்" போட்டு எழுதினால் அங்கே "ஸ" என்றோ "ஜ" என்றோ படிப்பார்கள், உங்கள் பெயர் இரண்டாக உடையும். வங்காளிகள் வாயில் "வ" "ப" ஆகிவிடும். தமிழ்நாட்டுக்குள்ளேயே குழந்தை உடைகள் விற்கிறீர்கள், ஆன்லைனில் தமிழ்ப் பெற்றோர்தான் வாடிக்கையாளர் என்றால் "ழ" வைத்த தமிழ்ப் பெயரே அழகும் அடையாளமும் ஆகும். யாருக்கு விற்கிறோம் என்று முடிவு செய்யாமல் பெயரைத் தேடினால் வட்டமடித்துக்கொண்டே இருப்போம்.

மூன்று பெயர்களுக்குச் சுருக்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மத்திய அரசின் வணிகச் சின்னப் பதிவேட்டுத் தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். அப்படியே எழுத்துக்கு எழுத்துத் தேடுவதோடு நிறுத்தாமல், ஓசை ஒப்புமைத் தேடல் என்று ஒன்று இருக்கிறது, அதையும் போடுங்கள். அம்பாள்–ஆண்டாள் போன்ற சிக்கல் அதில்தான் தெரியும். சரக்குகளும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. துணி, துண்டு, படுக்கை விரிப்பு 24இல் வரும். உடுத்தும் ஆடைகள் 25. கடை நடத்துவது, ஆன்லைனில் விற்பது 35. லுங்கி, வேட்டி, சேலை போன்றவை அளந்து வெட்டிய துணியா உடையா என்ற குழப்பம் இருப்பதால் 24, 25 இரண்டிலும் தேடுவதே நல்லது.

விண்ணப்பப் படிவம் டிஎம்-ஏ. நம் மாநிலத்துக்குப் பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது, ஆனால் போக வேண்டியதில்லை, ஆன்லைனிலேயே கொடுக்கலாம். தனிநபருக்கும், உத்யம் சான்றிதழ் வைத்திருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. பெயரைத் தமிழ் எழுத்தில் பதிவு செய்யலாம், கூடவே அதன் உச்சரிப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதித் தர வேண்டும். கொடுத்த பிறகு ஆய்வறிக்கை வரும். ஆட்சேபம் இருந்தால் ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும், பலருடைய விண்ணப்பம் இந்த ஒரு மாதத்தைக் கவனிக்காமல் விட்டதால்தான் செத்துப்போகிறது. மின்னஞ்சல் முகவரி தம்பியுடையதா, ஆடிட்டர் ஆபீஸுடையதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கப்பட்டால் வணிகச் சின்ன இதழில் வெளியாகும், நான்கு மாதம் யாராவது எதிர்ப்புத் தெரிவிக்கிறார்களா என்று காத்திருப்பார்கள், பிறகு சான்றிதழ். விண்ணப்பித்த நாளிலிருந்து பத்து வருடம் செல்லும், அதன் பின் புதுப்பித்துக்கொண்டே போகலாம். சான்றிதழ் வரும் வரை லேபிளில் வட்டத்துக்குள் "ஆர்" போடக் கூடாது, அது பதிவான சின்னத்துக்கு மட்டும். அதுவரை "டிஎம்" என்று போட்டுக்கொள்ளலாம்.

ஜிஎஸ்டி எண் எடுக்கும்போது இந்தப் பெயரைத்தான் கொடுத்தேன், உத்யம் சான்றிதழிலும் இதுதான் இருக்கிறது, பேங்க் கரண்ட் அக்கவுண்ட்டும் இதே பெயரில்தான் என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. அவை எதுவும் பெயரை உங்களுக்குச் சொந்தமாக்குவதில்லை. வரி கட்டுபவர் யார் என்று அரசுக்குத் தெரிய வைப்பதற்கானவை அவை. கம்பெனியாகவே பதிவு செய்தாலும், இணைய முகவரி வாங்கி வைத்தாலும் இதே கதைதான். ஆனால் அந்தக் காகிதங்களுக்கு வேறொரு பயன் உண்டு. எந்தத் தேதியிலிருந்து இந்தப் பெயரில் தொழில் செய்கிறீர்கள் என்று காட்டும் சாட்சிகள் அவை. லேபிள் அடித்த அச்சகத்தின் முதல் பில், முதல் கடைக்கு எழுதிய இன்வாய்ஸ், லாரி ரசீது, முதல் வாட்ஸ்அப் ஆர்டர், பெயர் தெரியும்படி மடித்து வைத்த சரக்கின் போட்டோ என எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். இருட்டுக்கடை வழக்கில் ஜெயித்தது இப்படிப்பட்ட முதல் உபயோகம்தான். இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பதிவு செய்துவிட்டுத் தொடர்ந்து ஐந்து வருடத்துக்கு மேல் அந்தப் பெயரில் எதையும் விற்காமல் வைத்திருந்தால், வேறொருவர் கேட்டு அதை நீக்க வைக்கலாம். "பிறகு உதவும்" என்று ஐந்து பெயர்களைப் பதிந்து பூட்டி வைப்பதில் பணம்தான் வீண்.

லேபிள் அடிக்கும் வரிசையும் முக்கியம். தேடல் முடித்து, விண்ணப்ப எண் கைக்கு வந்த பிறகு முதல் தடவை குறைவாக அடியுங்கள். அச்சகத்தில் ஆயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் விலையில் பெரிய வித்தியாசம் காட்டி ஆசை காட்டுவார்கள். ஆய்வறிக்கையில் ஆட்சேபம் வந்து பெயரை மாற்ற வேண்டியிருந்தால் அந்த மிச்சம் மொத்தமும் குப்பைக்குப் போகும். காகித ஸ்டிக்கர் லுங்கியை முதல் தடவை உடுத்தும்போதே கிழிந்து போய்விடும், அதோடு பெயரும் போய்விடும். துணியின் மூலையில் முத்திரையாகக் குத்தினாலோ, துண்டின் ஓரத்தில் தைத்த லேபிளாக வைத்தாலோ துவைத்து மடிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த வீட்டில் உங்கள் பெயர் கண்ணில் படும். ஒரு பீஸுக்குச் சில பைசா கூடும். துணிக்கு உள்ள விளம்பரங்களில் இதைவிட மலிவானது எனக்குத் தெரிந்து இல்லை.

கடைசியாக, விண்ணப்பத்தில் "உரிமையாளர்" என்று ஒரு கட்டம் இருக்கும். அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் தொழில்களில் அந்தக் கட்டத்தை ஆன்லைனில் தட்டத் தெரிந்த தம்பி தன் பெயர் போட்டு நிரப்பிவிடுவார், அப்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். பத்து வருடம் கழித்துப் பாகம் பிரிக்கும்போது தறியை எண்ணிப் பிரிக்கலாம், இடத்தை அளந்து பிரிக்கலாம், பெயரை இரண்டாக வெட்ட முடியாது. இருவரும் அதே பெயரில் தனித்தனியாக விற்கத் தொடங்கினால் வாங்குபவர் குழம்புவார், பெயரின் மதிப்பே விழும். ஜவுளி வட்டாரத்தில் இப்படிக் கசந்துபோன குடும்பங்களை எல்லோருக்கும் தெரியும். கூட்டு நிறுவனம் என்றால் நிறுவனத்தின் பெயரிலேயே விண்ணப்பியுங்கள். பிரியும்போது பெயர் யாருக்கு, மற்றவருக்கு ஈடாக என்ன என்பதைக் கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இப்போதே எழுதி வையுங்கள். ஏற்கெனவே ஒருவர் பெயரில் பதிவாகியிருந்தால், எழுத்து மூலம் நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுத்து, டிஎம்-பி படிவத்தில் பதிவேட்டிலும் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. உறவு நன்றாக இருக்கும்போது இதற்குக் கையெழுத்து வாங்குவது ஒரு மாலை நேர வேலை.